காலியாகத் திரும்பாத லாரி

அஸ்தா இல்வெஸ் என்னிடம் பேசிய வார்த்தைகளை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால்தலைக்குப் பின்னால் எழுதிவிடலாம். லெபிகு கிராமத்துக்கு முப்பத்தோரு வருஷம் நான்தான் தபால்காரி. மற்ற வீடுகளில் கதவைத் தட்டினால் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள், மருமகளைப் பற்றிப் புலம்புவார்கள், பத்திரிகையைப் பிரிக்கும் முன்பே யார் செத்தார்கள் என்று என்னிடம் கேட்பார்கள். அஸ்தா வீட்டில் "நன்றி, வீர்வே" மட்டும்தான். அதுவும் கதவு பாதி மூடிய பிறகு கேட்கும். கல்லுளிமங்கி என்று அவளுக்குப் பெயர் வைத்ததே நான்தான். இன்று அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

அவள் பதினேழு வயதில் அம்மாவோடும் ஆறு வயதுத் தம்பி ஊலோவோடும் சைபீரியாவுக்கு ரஷ்யர்களால் நாடுகடத்தப்பட்டவள். இருபத்தைந்து வயதில் ஒரு மரப்பெட்டியும் அம்மாவுமாகத் திரும்பி வந்தாள். தம்பி முதல் குளிர்காலத்தையே தாண்டவில்லை. திரும்பி வந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் யார் இடம் கொடுப்பார்கள்? அவர்களைப் பார்த்தாலே ஊர் சாலையின் அந்தப் பக்கம் போய்விடும். அப்போது ரௌத்செப் கிழவர்தான் தன் சவுனாவை, அதாவது நீராவிக் குளியல் வீட்டை, ஒட்டிய முன்னறையைக் காலி செய்து கொடுத்தார். ஒரு முட்டையைக்கூட யாருக்கும் சும்மா தராத மனுஷன். அவர் மகள் ஹில்யா பால் சேகரிப்பு நிலையத்தில் அஸ்தாவுக்கு வேலையும் பிடித்துக் கொடுத்தாள். ஹில்யா கேன்களை வாங்கி அளப்பாள், அஸ்தா கொழுப்பு எவ்வளவு என்று சோதிப்பாள். முப்பது வருஷம் ஒரே மேசையின் இரண்டு பக்கம். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் வேறு.

ஹில்யாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை, அவளே சொல்லிவிடுவாள். அஸ்தாவுக்குச் சேர்த்து அவள்தான் பேசினாள். சனிக்கிழமை பிற்பகல் ஹில்யாவின் சவுனாவில் நாங்கள் மூன்று பேரும் மேல்தட்டில் உட்காருவோம். நான் அவர்களைவிடப் பன்னிரண்டு, பதிமூன்று வயது சின்னவள். அடுப்புக்கு விறகு போடுவது என் வேலை, கேட்பதும் என் வேலை. அந்தக் கதையை முதலில் கேட்டதும் அங்கேதான். ரஷ்யர்கள் காலத்தில் சவுனாவுக்கு வெளியே அதைச் சொல்ல முடியாது. ரஷ்யர்கள் போய் எங்கள் கொடியை மறுபடி ஏற்றிய பிறகு ஹில்யாவுக்கு வாய்ப்பூட்டு கழன்றது. பிறந்தநாளில் சொல்வாள், ஜூலையில் எல்லாரும் கூடுகிற கல்லறைத் திருநாளில் சொல்வாள், கூட்டுறவுக் கடை வரிசையில்கூடச் சொல்வாள்.

"எங்கப்பாவுக்கு மூக்கு அப்படி. நாப்பத்தொம்பது மார்ச் இருபத்து நாலு. சாயங்காலம் மாட்டுக்கு வைக்கோல் போட்டுட்டு உள்ள வந்தவரு, 'கெளம்புங்க, காத்து சரியில்ல'ன்னாரு. அவ்ளோதான். சதுப்புக்காட்டு வைக்கோல் கொட்டாய்ல நாலு நாள். பன்னிக் கொழுப்பும் கம்பு ரொட்டியும். அம்மா இருமல் வந்தா துணிய வாயில அடச்சுக்குவா. விடிஞ்சதும் லாரி வந்துச்சாம். துப்பாக்கிக்காரன் கதவ ஒடச்சுட்டு உள்ள போனா, அடுப்பு மேல பூன மட்டும் உக்காந்திருக்கு. 'என்னா பூன, சைபீரியாவுக்கு வர்றியா'ன்னு கேட்டிருப்பான். அதுவும் மாட்டேன்னுருச்சு. வந்த லாரி காலியாவே திரும்பிப் போச்சு."

பூனை வரும்போது எல்லாரும் சிரிப்பார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அஸ்தா அப்போது ரொட்டியையோ கேக்கையோ வெட்டிக்கொண்டிருப்பாள், உதடு கொஞ்சம் விரியும். லாரி காலியாகப் போனதை ஹில்யா எங்கிருந்து பார்த்தாள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஒளிந்து தப்பியவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். எல்லார் கதையிலும் லாரி காலியாகத்தான் போயிருக்கிறது.

அந்த லாரிகள் வந்து ஐம்பது வருஷம் முடிந்த வசந்தத்துக்கு முன், மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்று ஆய்வுப் போட்டி வைத்தார்கள். 'எங்கள் ஊரை மாற்றிய ஒரு நாள்' என்பது தலைப்பு. எங்கள் ஊரிலிருந்து எவெலி என்ற பதினாறு வயதுப் பெண் எழுதினாள். நோட்டும் ஒலிப்பதிவுப் பெட்டியுமாக வீடு வீடாக வந்தாள். ஹில்யா அவளுக்கு மூன்று ஒலிநாடா நிறையப் பேசிக் கொடுத்தாள். பூனை மட்டும் ஒன்றரைப் பக்கம். அஸ்தாவிடம் போனபோது, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல கண்ணு" என்று சொல்லி ஒரு ஆப்பிளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாளாம்.

எவெலி அத்தோடு விடவில்லை. ஆசிரியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு நாலு தடவை தார்த்து நகரத்துக்குப் பேருந்தில் போய் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பிப்ரவரி கடைசியில் ஒருநாள் நான் ஹில்யாவுக்குப் பத்திரிகை கொண்டுபோனபோது அவள் அங்கே இருந்தாள். தட்டச்சு செய்த தாள்கள் மேசைமேல் கிடந்தன. பேட்டி கொடுத்தவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது போட்டி விதி.

"படி வீர்வே, என் கண்ணாடில ஆவி படிஞ்சுபோச்சு," என்றாள் ஹில்யா. கண்ணாடியில் ஒரு ஆவியும் இல்லை. நான் வாசித்தேன்.

முதல் ஆறு பக்கம் நன்றாகப் போயிற்று. ஏழாவது பக்கத்தில் கோப்பிலிருந்து எடுத்த வரிகள். 'மார்ச் 25, காலை 6.40. ரௌத்செப் குடும்பம், நால்வர். வீட்டில் இல்லை. பதிலாக: இல்வெஸ் குடும்பம், மூவர். 7.25க்கு ஏற்றப்பட்டது.'

வாசித்து முடித்த பிறகுதான் வாசித்தது என்ன என்று எனக்கே உறைத்தது. பதிலாக! கடையில் சர்க்கரை இல்லையென்றால் தேன் எடுப்பதுபோல ஒரு வார்த்தை.

"அந்த லாரி காலியாப் போச்சு பாப்பா," என்றாள் ஹில்யா.

"இல்ல பெரியம்மா," என்றாள் எவெலி. "ஒரு ஊருக்கு இத்தன குடும்பம்னு கணக்கு இருந்துச்சு. ஆள் கிடைக்கலன்னா ரெண்டாவது பட்டியல்லேருந்து எடுக்கணும். அஸ்தா பெரியம்மாவோட அப்பா போர்ல ஜெர்மன்காரங்க பக்கம் போனதால அவங்க பேரு அதுல இருந்துச்சு. முதல் பட்டியல்ல இல்லவே இல்ல."

"அவங்களுக்கு ரெண்டே மாடு," என்றாள் ஹில்யா. "எங்களுக்கு பதினாலு மாடு, கதிரடிக்கிற மெஷினு. அவங்க பிடிச்சதே வசதிக்காரங்களத்தான். ரெண்டு மாட்டுக்காரங்கள எதுக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னு நான் அஸ்தாகிட்டயே எத்தன தடவ கேட்டிருப்பேன்."

ஹில்யா வீட்டில் சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். கடைசியில் எவெலியே, "வேணும்னா எடுத்துடறேன் பெரியம்மா, இல்லன்னா பேருக்கு முதல் எழுத்து மட்டும் போடறேன்" என்றாள். ஹில்யா பேனாவை எடுத்தாள். பொய் சொல்லச் சொல்லிச் சின்னப்பிள்ளையிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது என்று பிறகு என்னிடம் சொன்னாள். கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

எவெலி போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ இங்க வரமாட்டா வீர்வே. தெரிஞ்சா என் வாசப்படி மிதிக்க மாட்டா. எனக்கு அவளத் தவிர யாரு இருக்கா?" என்றாள். புருஷன் போய்ப் பதினோரு வருஷம், மகன் ஸ்வீடனில். அவள் சொன்னது நிஜம்தான்.

"நீங்களே சொல்லிடுங்கக்கா," என்றேன். "பரிசு குடுக்கிற மேடையில கேட்டுத் தெரிஞ்சுக்கிறதவிட உங்க வாயால கேக்கட்டும்."

"சனிக்கிழமை சொல்றேன்."

அந்தச் சனிக்கிழமை கால்வலியைப் பற்றிப் பேசினாள். அடுத்த சனிக்கிழமை உருளைக்கிழங்கு முளைவிட்டதைப் பற்றி. வாயைத் திறப்பாள், அஸ்தா நிமிர்ந்து பார்ப்பாள், உடனே உருளைக்கிழங்கு. எனக்கு ஆத்திரமாக வந்தது, ஒரு அறை விடலாம்போல் இருந்தது. ஆனால் அவள் இடத்தில் இருந்தால் நான் மட்டும் என்ன கிழித்திருப்பேன்?

பரிசளிப்பு மாவட்டத் தலைநகரின் பண்பாட்டு இல்லத்தில். ஊரே போகப் பேருந்து ஏற்பாடு. காலையில் ஹில்யா போய், "மழ வரும்போல இருக்கு, உனக்கு மூட்டுவலி வேற, நீ இருந்துக்கோ" என்று அஸ்தாவிடம் சொல்லியிருக்கிறாள். அஸ்தா ஏற்கனவே நல்ல கோட்டைப் போட்டுத் தயாராக நின்றிருக்கிறாள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே வருகிற சாம்பல்நிறக் கோட்டு அது. பேருந்தில் முதல் ஆளாக ஏறினாள்.

முதல் பரிசு ஒரு பையனுக்குப் போயிற்று. தீயணைப்புப் படையின் ஊதுகுழல் வாத்தியக் குழுவின் நூறு வருஷ வரலாறாம். அவன் தாத்தாவின் கொம்பு வாத்தியத்தையும் மேடைக்குக் கொண்டுவந்து ஊதிக் காட்டினான். நடுவர்களுக்குக் காது அடைத்துப்போயிருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கள் எவெலிக்கு இரண்டாம் பரிசு கொடுத்திருக்க மாட்டார்கள். அவளைக் கூப்பிட்டு ஒரு பகுதி வாசிக்கச் சொன்னார்கள்.

ஏழாவது பக்கத்தைத்தான் வாசித்தாள். 'ரௌ. குடும்பம், நால்வர். வீட்டில் இல்லை. பதிலாக: இ. குடும்பம்.' முதல் எழுத்துப் போட்டு என்ன பிரயோஜனம்? லெபிகுவிலிருந்து வந்த இரண்டு வரிசைத் தலையும் ஒரே சமயத்தில் எங்கள் பக்கம் திரும்பியது. ஹில்யாவின் முகத்தில் ஈயாடவில்லை. அஸ்தாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

எவெலி தொடர்ந்தாள். 'ரௌ. குடும்பத்துக்கு முன்னெச்சரிக்கை எப்படிக் கிடைத்தது என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. குடும்பத் தலைவரின் உள்ளுணர்வு என்று மகள் கூறுகிறார்.'

அந்த இடத்தில் ஒருவர் கைதட்டினார். வாசிப்பு முடியவே இல்லை, இன்னும் ஒரு பத்தி பாக்கி. கைதட்டியது அஸ்தா. மடியிலிருந்த பை கீழே விழ, எழுந்து நின்று தட்டினாள். மண்டபத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பிறகு அவளோடு சேர்ந்து எல்லாரும் தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறாள்? தன் தம்பியைக் கொன்ற காகிதத்துக்கா? புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் அஸ்தா ஜன்னலோரம் உட்கார்ந்து எவெலி கொடுத்த கேக் துண்டைச் சாப்பிட்டாள். ஹில்யா மூன்று வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். நாற்பது வருஷத்தில் அவர்கள் தனித்தனியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இனி நான் சொல்லப்போவதைத் தாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்வரை வெளியே விடாதே என்று அஸ்தா என்னிடம் கேட்டுக்கொண்டாள். விடவில்லை. அவளும் போய்விட்டாள், ஹில்யாவும் போய்விட்டாள், எனக்கும் எண்பது ஆகிறது.

அந்த வாரச் சனிக்கிழமை ஹில்யா காலையிலேயே சவுனாவுக்கு நெருப்பு மூட்டிவிட்டாள். "வரமாட்டா," என்று ஒவ்வொரு விறகுக்கும் ஒரு தடவை சொன்னாள். மூன்று மணிக்கு அஸ்தா துண்டோடு வந்தாள். உடை மாற்றினாள், மேலே ஏறி வழக்கமான மூலையில் உட்கார்ந்தாள். உடம்பில் தட்டிக்கொள்கிற பிர்ச் இலைக் கொத்தை வெந்நீரில் முக்கி வைத்தாள்.

ஹில்யாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "திட்டு அஸ்தா. வாய்க்கு வந்தபடி திட்டிடு. எங்களுக்குப் பதிலாத்தான் உங்கள ஏத்திட்டுப் போனாங்க. எனக்கு ஒரு மாசமாத்தான் தெரியும். சத்தியமா."

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள் அஸ்தா.

நான் கையில் இருந்த கரண்டியைத் தண்ணீர் வாளியிலேயே போட்டுவிட்டேன்.

"எங்க சாப்பாட்டு மேசமேலதான் அந்தத் துப்பாக்கிக்காரன் காகிதத்த விரிச்சான். உங்கப்பா பேர என் கண்ணு முன்னாலயே அடிச்சுட்டு எங்கம்மா பேர எழுதுனான். அம்மாவுக்கு ரஷ்ய எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும்."

ஹில்யா அழ ஆரம்பித்தாள். "அப்ப ஏன்டி சொல்லல? நாப்பது வருஷமா உன் முன்னாடி உக்காந்து அந்தப் பூனக் கதைய... அட கடவுளே, நீ கேக் வெட்டிட்டு இருந்தியேடி! வாய மூடுடின்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ உன் அப்பா மூக்கப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சிருப்ப," என்றாள் அஸ்தா. கொஞ்சம் தண்ணீர் அள்ளி அடுப்பின் சூடான கல்மேல் ஊற்றினாள். "உன் அப்பா மூக்குக்கு ஒண்ணும் தெரியாது ஹில்யா. நான்தான் வந்து சொன்னேன்."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அஸ்தா அப்போது ஊராட்சி அலுவலகத்தில் தரை துடைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவள். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இருபத்து நாலாம் தேதி வெளியூர் ஆட்கள் வந்து உள்ளறையில் பட்டியல் வாசித்திருக்கிறார்கள். அவள் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். கதவு வழியாக ரௌத்செப் என்ற பெயர் காதில் விழுந்தது. வாளியைப் போட்டுவிட்டு வயல் வழியாக ஓடிப்போய் மாட்டுக் கொட்டகையில் கிழவரிடம் சொல்லியிருக்கிறாள். யாருக்கும், பெண்டாட்டி பிள்ளைக்கும், சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தாள். விடிந்ததும் லாரி அவர்கள் வாசலில்.

கிழவர் சாகும்வரை சத்தியத்தைக் காப்பாற்றினார். முட்டை கொடுக்காத மனுஷன் அறையைக் காலி செய்து கொடுத்தாரே, அந்தக் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஹில்யா பாவம், அதைத் தன் அப்பாவின் நல்ல மனசு என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊலோவப் புதைக்கும்போது தரை கல்லு மாதிரி இருந்துச்சு," என்றாள் அஸ்தா. இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் அவள் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. "அம்மா கேட்டா, நம்ம யாருக்கு என்ன பாவம் பண்ணோம், எதுக்கு நம்மளன்னு. எழுவத்தொண்ணாம் வருஷம் சாகும்போதும் கேட்டா. நான் வாயத் திறக்கல. நான்தான் ஓடிப்போய்ச் சொல்லி ஊலோவ லாரில ஏத்துனேன்னு எப்படி சொல்றது? அந்தப் பொண்ணு தார்த்துக்குப் போறான்னு கேள்விப்பட்டதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. எங்கயாவது எழுதி வெச்சிருப்பாங்களோ, ஆபீஸ்ல தரை துடைக்கிறவதான் சொன்னான்னு. எதுவும் இல்லன்னு அவ வாசிச்சா பாரு, எனக்குக் கால் தானா எழுந்துடுச்சு."

அதற்குத்தான் அந்தக் கைதட்டல். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன், வெளியே நல்ல வெயில்.

ஹில்யா கேட்டாள், கேட்டிருக்கவே கூடாத ஒன்றை. "உங்கள ஏத்துவாங்கன்னு தெரிஞ்சிருந்தா, வந்து சொல்லியிருப்பியா?"

"இல்ல," என்றாள் அஸ்தா. யோசிக்கக்கூட இல்லை. "தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன். நீங்க நாலு பேரும் போயிருப்பீங்க. இப்ப கேட்டாலும் அதான் சொல்லுவேன். என்னய வெளிய போகச் சொல்றதுன்னா சொல்லிடு, துண்டு எடுத்துக்கறேன்."

அவள் நிஜமாகவே துண்டின்மேல் கை வைத்திருந்தாள். தம்பியைப் பறிகொடுத்தவள் மன்னிப்புக்குக் காத்திருக்கிறாள்! எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

"நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் ஹில்யா. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அந்த ஆபீஸ்ல நான் சாம்பல் அள்ளிட்டு இருந்து, உங்க பேரு என் காதுல விழுந்திருந்தா, நான் வந்திருக்க மாட்டேன் அஸ்தா. எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சாக்கூட வந்திருக்க மாட்டேன். பயந்துகிட்டு போர்வைய இழுத்துப் போத்திட்டுப் படுத்திருப்பேன். காலையில லாரி போனதும் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டியிருப்பேன்."

"தெரியும்," என்றாள் அஸ்தா. துண்டிலிருந்து கையை எடுத்தாள். "உன்ன எனக்குப் பள்ளிக்கூடத்துலேருந்து தெரியும்ல."